பழங்கால அரங்குகளின் ஒலியமைப்பை ஸ்ட்ரீமிங் பாடல்களுக்குப் பயன்படுத்த முடியுமா?

கலவைமேசை கேட்டது:

வணக்கம். தனிக்குரல் பாடல்களையும், குரலோடு ஒன்றிரண்டு நரம்புக் கருவிகள் மட்டும் சேரும் பாடல்களையும் நானே பதிவு செய்து, மிக்ஸிங்கும் (ஒலித்தடங்களைக் கலப்பது) மாஸ்டரிங்கும் (வெளியீட்டுக்கு இறுதியாகச் செப்பமிடுவது) முடித்து, ஸ்ட்ரீமிங் தளங்களில் வெளியிட்டு வருகிறேன். கிரேக்கத்திலுள்ள எபிடாரஸ் அரங்கின்மீது எனக்கு நெடுநாளாக ஓர் ஈர்ப்பு உண்டு. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் மலைச்சரிவை ஒட்டிக் கட்டப்பட்ட அந்த அரங்கில் 55 கல்வரிசைகள் இருக்கின்றன. 12,000 பேருக்கு மேல் அமரலாம். மைக்கோ ஒலிபெருக்கியோ இல்லாமலே நடிகரின் சொல் அத்தனை பேரையும் எட்டியது என்கிறார்கள். அப்படிப்பட்ட இடத்தின் ஒலியைப் பாடலுக்குள் கொண்டுவந்துவிட்டால், கேட்பவர் எந்தக் கருவியில் கேட்டாலும் குரல் தெளிவாகவும் விரிந்தும் ஒலிக்கும் என்பது என் எண்ணம்.

அந்த எண்ணத்தில், திறந்தவெளிக் கல்லரங்கு ஒன்றில் எடுக்கப்பட்ட இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் கோப்பை (ஒரு குறுகிய ஓசைக்கு அந்த இடம் எப்படி எதிரொலிக்கிறது என்ற பதிவை) கன்வல்யூஷன் ரிவெர்ப் பிளகினில் (அந்தப் பதிவைக் கொண்டு குரலுக்கு அவ்விடத்தின் முழக்கத்தைச் சேர்க்கும் மென்பொருளில்) ஏற்றி, ஓர் ஆண்குரலின்மீது பயன்படுத்திப் பார்த்தேன். எதிர்பார்த்த கம்பீரம் வரவில்லை. குரல் மெலிந்து, குழாய்க்குள்ளிருந்து பேசுவது போல ஆகிவிட்டது. ரிவெர்பின் அளவைக் கூட்டக் கூட அந்த மெலிவுதான் கூடுகிறதே தவிர, ஓர் இடத்தில் இருக்கிறோம் என்ற உணர்வு கூடவில்லை. ஹெட்ஃபோனில் ஓரளவு தாங்குகிறது. கைபேசியின் சிறிய ஒலிபெருக்கியில் கேட்டால் சொற்களே பின்னுக்குப் போய்விடுகின்றன.

குறை அந்தக் கோப்பில் இருக்கிறதா, நான் பயன்படுத்திய முறையில் இருக்கிறதா என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும். பழங்கால அரங்குகளின் ஒலியமைப்பில் ஸ்ட்ரீமிங் இசைக்கு உண்மையிலேயே எடுத்துக்கொள்ளத்தக்கது ஏதேனும் உண்டா? அப்படி எடுத்துக்கொண்டாலும், தளங்கள் கோப்பைச் சுருக்கும்போது அது மிஞ்சுமா?

அலைநீளம் மறுமொழி:

கோப்பில் குறை இருக்க வேண்டிய அவசியமே இல்லை. நீங்கள் எதிர்பார்த்த பொருள் அந்த இடத்தில் கிடையாது என்பதுதான் அடிப்படைச் சிக்கல்.

மிக்ஸிங்கில் நாம் ரிவெர்ப் என்று சொல்வது, மூடிய இடமொன்றில் ஒலியானது சுவர், கூரை, தரை ஆகியவற்றில் மீண்டும் மீண்டும் மோதி, எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று தெரியாதபடி கலந்து, படிப்படியாகத் தேய்ந்துபோவதைத்தான். அமெரிக்க இயற்பியலாளர் வாலஸ் சபைன் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வகுத்த புகழ்பெற்ற கணக்கும், அதாவது அறையின் கனஅளவை அதன் மொத்த உறிஞ்சுபரப்பால் வகுத்து 0.161ஆல் பெருக்கினால் முழக்கம் நீடிக்கும் வினாடிகள் கிடைக்கும் என்பதும், இத்தகைய மூடிய இடத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டதே. கூரையற்ற அரங்கில் மேல்நோக்கிப் போகும் ஒலி திரும்பி வருவதே இல்லை. ஒலியியல் கணக்கில் திறந்த வானம் என்பது முழுமையாக உறிஞ்சும் கூரை. ஆகவே அங்கு எடுத்த இம்பல்ஸ் ரெஸ்பான்ஸில் நேரொலி ஒன்று இருக்கும், அதை ஒட்டி வலுவான எதிரொலிப்பு ஓரிரண்டு இருக்கும், பிறகு கல்வரிசைகளிலிருந்து சிதறி வரும் மெல்லிய ஒலி சிறிது நேரம் இருக்கும். நீண்டு இறங்கும் வால், அதாவது மெல்லத் தேயும் முழக்கம், இருக்காது.

அந்த வலுவான எதிரொலிப்பு எப்போது வருகிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால் உங்கள் குரல் ஏன் மெலிந்தது என்பதும் விளங்கிவிடும். நடிகரின் வாய் தரையிலிருந்து 1.6 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கேட்பவர் கிடைமட்டத்தில் 30 மீட்டர் தள்ளி, நடிக்கும் தளத்துக்கு 10 மீட்டர் மேலே அமர்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நேரொலி கடக்கும் தூரம் ஏறத்தாழ 31.2 மீட்டர், வட்டமான ஆடுகளத்தின் தரையில் பட்டு எழும் ஒலி கடப்பது ஏறத்தாழ 32.2 மீட்டர். வேறுபாடு 1 மீட்டர், காலத்தில் சொன்னால் 3 மில்லிவினாடி. ஹெல்முட் ஹாஸ் 1949இல் முன்வைத்த ஆய்விலிருந்து நாம் அறிந்தபடி, இவ்வளவு விரைவில் வரும் எதிரொலிப்பு தனியொலியாகக் காதில் விழாது, நேரொலியோடு சேர்ந்து அதற்கு வலுவூட்டும். அரங்கில் அமர்ந்திருப்பவருக்கு இது சராசரியாக 3 டெசிபெல் அளவுக்கு இலவசமாகக் கிடைக்கும் வலு.

மிக்ஸிங் மேசையில் அதே 3 மில்லிவினாடி கேடாக முடிகிறது. ஒரே குரலை 3 மில்லிவினாடி தள்ளி அதன்மீதே, அதே நடுத்திசையில் சேர்த்தால், சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். முதல் பள்ளம் 167 ஹெர்ட்ஸில் விழும், அடுத்தவை 500, 833 என்று தொடரும். இதைத்தான் கோம்ப் ஃபில்டரிங் என்கிறோம். ஆண்குரலின் உடல்பகுதி இருப்பதே 100 முதல் 250 ஹெர்ட்ஸ் வரையிலான இடத்தில் என்பதால், முதல் பள்ளமே குரலின் வயிற்றில் விழுகிறது. நீங்கள் கேட்ட குழாய்த்தன்மை பெரும்பாலும் இதுதான். கேட்பவர் தலையைச் சற்றுத் திருப்பினாலும், நடிகர் ஓரடி நகர்ந்தாலும் அரங்கில் அந்தப் பள்ளங்கள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். உங்கள் கோப்பில் அவை பாடல் முழுவதும் அசையாமல் நிற்கின்றன.

இன்னொன்றையும் சரிபாருங்கள். பல இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் கோப்புகளில் நேரொலியும் சேர்ந்தே பதிவாகியிருக்கும். பிளகினிலிருந்து வரும் ஒலியை மூலக்குரலோடு இணையாகக் கலக்கும்போது நேரொலி இரண்டு முறை வந்துவிடுகிறது. இரண்டுக்கும் இடையே ஒன்றிரண்டு மில்லிவினாடி விலகினாலும் மேலே சொன்ன பள்ளங்கள் இன்னொரு தொகுதியாகச் சேரும். கோப்பின் தொடக்கத்தில் இருக்கும் முதல் முகட்டை வெட்டிவிட்டுப் பயன்படுத்தினால் பாதிச் சிக்கல் தீரும்.

இதற்கெல்லாம் அடியில் உள்ள விஷயத்தை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். அந்த அரங்குகள் தூரம் என்ற ஒரே எதிரியோடு போராடக் கட்டப்பட்டவை. 1 மீட்டரில் 65 டெசிபெல்லாக இருக்கும் குரல், வேறு உதவி இல்லாவிட்டால், 60 மீட்டர் தள்ளியிருக்கும் கடைசி வரிசையில் ஏறத்தாழ 29 டெசிபெல்லாகிவிடும். அந்த 36 டெசிபெல் இழப்பில் ஒவ்வொரு டெசிபெல்லையும் மீட்பதற்காகத்தான் தரையும் சரிவும் கல்லும் திட்டமிடப்பட்டன. மைக்குக்கு ஒரு சாண் தள்ளி நின்று பாடி, காதுக்குள்ளேயே போய்ச் சேரும் குரலுக்கு அந்த எதிரியே இல்லை. ஸ்ட்ரீமிங் இசையில் குறைவது வலு அல்ல, இடம். திறந்த கல்லரங்கோ வலுவைத் தருவதில் சிறந்தது, இடவுணர்வைத் தருவதில் மிகவும் கஞ்சத்தனமானது.

பின்வரிசை மறுமொழி:

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் எபிடாரஸைப் பற்றிச் சுற்றுலா வழிகாட்டிகள் சொல்லும் கதைகளை அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஐன்ட்ஹோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் எபிடாரஸ், ஆர்கோஸ், ஏதென்ஸிலுள்ள ஹெரோடஸ் ஆட்டிகஸின் ஓடியம் (இசைக்கான அரங்கு) ஆகிய மூன்று இடங்களிலும் விரிவாக அளவெடுத்து, 2017இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஆடுகளத்தின் நடுவே நாணயம் விழுவதோ தாள் கிழிபடுவதோ அரங்கு முழுவதும் ஏதோ ஓர் ஓசையாக எட்டலாம், ஆனால் அது இன்ன ஓசை என்று அடையாளம் காண்பது ஏறத்தாழப் பாதி வரிசைகள் வரைதான் முடியும். கிசுகிசுப்பான பேச்சு முன்வரிசைக்காரர்களைத் தாண்டிப் புரியாது. கடைசி வரிசைக்குச் சொல் புரிய வேண்டுமானால் நடிகர் குரலை உயர்த்தித்தான் பேச வேண்டும் என்பது அவர்கள் கண்டது. இன்று நாம் பார்ப்பது பின்புற மேடைக் கட்டடத்தை இழந்த அரங்கு என்பதால், பழைய காலத்தில் நிலைமை இதைவிட நன்றாக இருந்திருக்கலாம். எப்படியிருந்தாலும், கலவைமேசை மனத்தில் வைத்திருக்கும் மாய அரங்கு அளவுகோலின்முன் நிற்கவில்லை.

இன்னும் சுவையான செய்தி கல்வரிசைகளைப் பற்றியது. நிக்கோ டெக்ளர்க், சிண்டி டெகைசர் ஆகிய இருவரும் 2007இல் வெளியிட்ட கணிப்பொறி ஆய்வில், படிபடியாக அமைந்த அந்த இருக்கைகள் விளிம்பு விளைவின் (ஒலி விளிம்புகளில் வளைந்து சிதறுவதன்) மூலம் ஒரு வடிப்பான் போலச் செயல்படுகின்றன என்று காட்டினார்கள். ஏறத்தாழ 500 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலி அடக்கப்படுகிறது. அதற்கு மேற்பட்டது வரிசைகளிலிருந்து கேட்பவரை நோக்கிச் சிதறி வருகிறது. காற்றின் இரைச்சலும் கூட்டத்தின் முணுமுணுப்பும் பெரும்பாலும் கீழ் அதிர்வெண்களில் இருப்பதால் அவை குறைகின்றன. சொல்லைச் சொல்லாக்கும் மெய்யெழுத்தொலிகள் மேல் அதிர்வெண்களில் இருப்பதால் அவை தப்பிவிடுகின்றன. குரலின் அடிப்படை அதிர்வெண் அடங்கினாலும், அதன் மடங்குகளைக் கேட்டே மூளை அந்தச் சுருதியை ஊகித்துக்கொள்கிறது. பேச்சுக்கு இது அருமையான ஏற்பாடு.

இசைக்கு? நியூயார்க்கில் 1962இல் திறக்கப்பட்ட ஃபில்ஹார்மானிக் ஹால் என்ற இசையரங்கில் பேஸ் ஒலி எடுபடவில்லை என்று முதல் பருவத்திலேயே குறை எழுந்தது. அளந்து பார்த்தபோது, இருக்கை வரிசைகளை உரசிக்கொண்டு போகும் நேரொலி 100 முதல் 300 ஹெர்ட்ஸ் வரையிலான இடத்தில் குறிப்பிடத்தக்க அளவு வலுவிழப்பது தெரியவந்தது. 1964இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே இதைப் பற்றி எழுதின, இன்றுவரை இசையரங்குகளைக் கட்டுவோர் தவிர்க்கப் போராடும் குறைகளில் இதுவும் ஒன்று. வரிசை வரிசையாக இருக்கைகளை அடுக்கினால் கீழ் அதிர்வெண்கள் அடிபடும் என்ற ஒரே வகைச் செயல், நாடக அரங்கில் புகழப்படுகிறது, இசையரங்கில் பழிக்கப்படுகிறது. 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் வடிப்பானை ஒரு பாட்டின்மீது போட்டுவிட்டு, குரல் மெலிந்துவிட்டது என்று வருந்துவதில் பொருளில்லை.

கல்லடுக்கு மறுமொழி:

பழங்கால அரங்கு என்றாலே கூரையற்ற கிரேக்க அரங்கு என்று எல்லோரும் எடுத்துக்கொண்டு பேசுவதை நான் ஏற்கவில்லை.

ரோமானியர்கள் பார்வையாளர் வளைவின் எதிரே மிக உயர்ந்த மேடைச்சுவரை எழுப்பினார்கள். பிரான்சில் ஒராஞ்ச் நகரிலுள்ள அரங்கின் சுவர் 103 மீட்டர் நீளம், 37 மீட்டர் உயரம். துருக்கியிலுள்ள அஸ்பெண்டோஸ் அரங்கில் மேடைச்சுவரும் வளைவும் சேர்ந்து ஏறத்தாழ நான்கு புறமும் மூடிய கிண்ணமாகவே நிற்கின்றன. இத்தகைய இடங்களில் கூரையில்லாவிட்டாலும் ஒலி பக்கவாட்டில் பலமுறை மோதித் திரும்புவதால் முழக்கம் என்று சொல்லத்தக்கது உண்டு. இசைக்கென்றே கட்டப்பட்ட ஓடியங்கள் அளவில் சிறியவை, பலவற்றுக்கு மரக்கூரை இருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் 2003 முதல் 2006 வரை நடந்த எராட்டோ என்ற திட்டத்தில், டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் யென்ஸ் ஹோல்கர் ரிண்டல் உள்ளிட்டோர், அஸ்பெண்டோஸ் போன்ற அரங்குகளையும் ஓடியங்களையும் அன்றைய முழு வடிவத்தில் கணிப்பொறியில் எழுப்பி, அவற்றில் குரலும் கருவிகளும் எப்படி ஒலித்திருக்கும் என்று கேட்கச் செய்தார்கள். இன்று இடிந்து நிற்கும் அரங்கில் எடுத்த பதிவைவிட இப்படிப்பட்ட மாதிரிகளே பாட்டுக்கு ஏற்றவை.

பண்டைய ரோமானியக் கட்டடக்கலைஞர் விட்ருவியஸ் தம் கட்டடக்கலை நூலின் ஐந்தாம் பகுதியில் சொல்லும் ஒரு சிறு குறிப்பும் இங்கே பொருந்தும். கித்தாரா என்ற யாழ்வகைக் கருவியை வாசித்துப் பாடுவோர் உச்சத்தில் பாட நினைக்கும்போது மேடையின் கதவுகளை நோக்கித் திரும்பிக்கொள்கிறார்கள், அந்த மரப்பலகைகள் குரலுக்குத் துணைநிற்கின்றன என்கிறார். பேசும் நடிகருக்கு வேண்டியதும் பாடுபவருக்கு வேண்டியதும் வெவ்வேறு என்று அன்றே தெரிந்திருந்தது. அதே பகுதியில் அவர் விவரிக்கும், குரலோடு ஒத்ததிர்ந்து வலுவூட்டுவதற்கான வெண்கலப் பானைகள்தாம் எல்லோருக்கும் பிடித்த கதை: நான்காம் சுரம், ஐந்தாம் சுரம், எண்மம் என்ற இடைவெளிகளில் சுருதி சேர்த்து, சிறிய அரங்கானால் 13 மாடங்களில், பெரிய அரங்கானால் மூன்று நிலைகளில் வைக்க வேண்டும் என்கிறார். ரோம் நகரின் அரங்குகளில் அவை இல்லை என்பதையும் அவரே ஒப்புக்கொள்கிறார். கிரேக்க நகரான கொரிந்துவை அழித்த ரோமானியத் தளபதி மும்மியஸ் அங்கிருந்த அரங்கின் பானைகளை ரோமுக்குக் கொண்டுவந்து லூனா தேவியின் கோயிலுக்குக் காணிக்கையாக்கினார் என்றும் எழுதுகிறார்.

நாட்டிய சாஸ்திரத்தின் இரண்டாம் அத்தியாயம் இதைவிடத் தெளிவாகப் பேசுகிறது. மனிதருக்கான அரங்கு 64 முழ நீளமும் 32 முழ அகலமும் இருந்தால் போதும், அதற்கு மேல் போனால் சொல்வது தெளிவில்லாமல் போகும் என்கிறது. காற்று புகாமல், சாளரங்கள் சிறியனவாய், மலைக்குகை போன்ற வடிவில் இருந்தால் ஒலி ஆழம் பெறும் என்கிறது. முழத்தை 45 சென்டிமீட்டராகக் கொண்டால் ஏறத்தாழ 29 மீட்டருக்கு 14 மீட்டர். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையும் ஏழு கோல் அகலம், எட்டு கோல் நீளம் என்று அளவு சொல்கிறது, ஆனால் அது மேடைக்கான அளவே தவிரக் கேட்போர் இருந்த இடத்துக்கானது அல்ல என்பதால் ஒலியியல் நோக்கில் அதைக் கொண்டு ஒன்றும் எழுப்ப முடியாது. கலவைமேசை தேட வேண்டியது இந்த 29க்கு 14 மீட்டர் அளவிலுள்ள, மரமும் கல்லும் கலந்த, மூடிய இடத்தின் ஒலியை.

பின்வரிசை மறுமொழி:

கல்லடுக்கு அவர்களுக்கு: அளவு சிறிதாக வேண்டும், மூடியிருக்க வேண்டும் என்பதை ஏற்கிறேன். பானைகளை மட்டும் தயவுசெய்து யாரும் பிளகினாக்க முயல வேண்டாம். ஒத்ததிர்வுக் கலம் ஒன்று தனக்குரிய ஒரே சுருதியில்தான் ஒலிக்கும். அது நீண்டு ஒலிக்க வேண்டுமானால் அதன் அதிர்வெண் பட்டை மிகக் குறுகியதாக இருந்தாக வேண்டும். பாட்டின் சுருதி அரைச் சுரம் மாறினால் அது வாய்மூடிக்கொள்ளும், பொருந்தும் ஒரே சுரத்தில் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். அரங்கில் அது வெறும் அலங்காரமாக இருந்திருக்கலாம் என்றே நினைக்கிறேன்.

சுதியளவு மறுமொழி:

கேள்வியின் கடைசிப் பகுதியை யாரும் தொடவில்லை என்பதால் ஸ்ட்ரீமிங் பக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் கோடெக், அதாவது ஒலிக்கோப்பைச் சுருக்கி விரிக்கும் முறை. ஆப்பிள் மியூசிக் இழப்புள்ள வடிவத்தில் வினாடிக்கு 256 கிலோபிட் அளவில் ஏஏசி என்ற கோடெக்கைத் தருகிறது. ஸ்பாட்டிஃபையின் ஆக் வோர்பிஸ் 320 வரை போகிறது, ஆனால் கேட்பவர் டேட்டாவைச் சேமிக்கத் தரத்தைக் குறைத்தால் 96க்கும் அதற்குக் கீழும் இறங்கும். 256இலோ 320இலோ ரிவெர்ப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. 96க்கு இறங்கும்போதுதான் கதை மாறுகிறது. ஓர் ஒலி இன்னோர் ஒலியை மறைக்கும் இடங்களில் துல்லியத்தைக் குறைத்து பிட்களை மிச்சப்படுத்துவதுதான் இந்தக் கோடெக்குகள் எல்லாவற்றின் அடிப்படை. இடமும் வலமும் ஒத்திருந்தால் அவற்றைச் சேர்த்து எழுதிப் பிட்களைச் சேமிக்கலாம். ரிவெர்பின் இயல்போ இடமும் வலமும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் இருப்பது. அதுதான் நமக்கு விரிவாகக் கேட்கிறது, அதுவேதான் கோடெக்குக்கு அதிகச் செலவு வைக்கிறது. பிட் போதாதபோது வாலின் மேல் அதிர்வெண்கள் முதலில் உதிரும், மிச்சம் நீருக்கடியில் சுழல்வது போலக் குழையும். நேரொலியை அடுத்து முதலில் வந்து 35 மில்லிவினாடிக்குள் முடிந்துவிடும் முன்னெதிரொலிப்புகளுக்கு இந்த ஆபத்து குறைவு, ஏனெனில் அவை குரலின் நிழலிலேயே வந்து போகின்றன. அந்த வகையில் திறந்தவெளி அரங்கின் வாலில்லாத தன்மை சுருக்கத்துக்கு ஒத்துப்போகும் குணம்தான்.

அடுத்தது உரப்புச் சமன்பாடு, அதாவது எல்லாப் பாடல்களையும் தளமே ஒரே உரப்புக்குக் கொண்டுவருவது. ஸ்பாட்டிஃபை இயல்பாக -14 எல்யூஎஃப்எஸ் (உரப்பை அளக்கும் அலகு) அளவுக்குப் பாடலைக் கொண்டுவருகிறது. பிற தளங்களும் இதையொட்டிய எண்களையே வைத்திருக்கின்றன. ஒரு காலத்தில் பாடலை நசுக்கி உரக்கச் செய்தால்தான் எடுபடும் என்ற கட்டாயம் இருந்தது, அதில் முதலில் செத்தது இடவுணர்வு. லிமிட்டரை (உரத்த முகடுகளை அமுக்கும் கருவியை) அழுத்த அழுத்தக் குரலின் முகடுகள் தாழும், அவற்றுக்கிடையே கிடந்த ரிவெர்ப் மேலெழும், அருகும் தொலைவும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். சமன்பாடு வந்தபிறகு அந்த அழுத்தம் தேவையே இல்லை. எந்த அரங்கின் ஒலியைப் பயன்படுத்தினாலும் மாஸ்டரிங்கில் அதை நசுக்கினால் எல்லா உழைப்பும் வீண்.

மூன்றாவது, கேட்பவரின் இடம். ஒலிபெருக்கியில் கேட்பவருக்கு அவருடைய அறையே ஒரு முழக்கத்தைச் சேர்க்கிறது. நீங்கள் சேர்ப்பது அதன்மேல் இன்னோர் அடுக்கு. ஹெட்ஃபோனில் கேட்பவருக்கு அறையே இல்லை, ஒலி தலைக்குள்ளேயே நிற்கிறது. அங்கேதான் பக்கவாட்டிலிருந்து வரும் முன்னெதிரொலிப்புகள் ஒலியைத் தலைக்கு வெளியே தள்ள உதவுகின்றன. உங்கள் குரல் ஹெட்ஃபோனில் ஓரளவு தாங்கியதற்கும் கைபேசியில் சரிந்ததற்கும் காரணம் இதுவே: சிறிய ஒலிபெருக்கியில் இடமும் வலமும் ஏறத்தாழ ஒன்றாகிவிடுவதால், அலைநீளம் சொன்ன பள்ளங்கள் முழு ஆழத்துக்கு இறங்கிவிடுகின்றன.

இடத்தின் ஒலியை இசைக்குக் கொண்டுவந்து வெற்றிபெற்ற சான்று வேண்டுமானால் அரங்கை விட்டு ஆலயத்துக்குப் போக வேண்டும். ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தினர் இஸ்தான்புல்லின் ஹாகியா சோஃபியாவில் பலூன்களை வெடித்து அந்த ஓசையைப் பதிவு செய்து, அதிலிருந்து கட்டடத்தின் ஒலியியல்பைப் பிரித்தெடுத்தார்கள். அங்கே முழக்கம் ஏறத்தாழ 11 வினாடி நீடிக்கிறது. கப்பெல்லா ரோமானா என்ற பாடகர் குழு அந்தக் கட்டடத்துக்கென எழுந்த பைசாந்திய வழிபாட்டிசையை அந்த ஒலியியல்போடு பாடி 2019இல் ஆல்பமாக வெளியிட்டது. பதிவை முடித்துவிட்டுப் பிறகு ரிவெர்பை ஒட்டவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. பாடும்போதே அந்த முழக்கம் பாடகர்களுக்குக் கேட்டது, அதற்கேற்ப அவர்கள் நடையைத் தளர்த்தினார்கள், மூச்சை நீட்டினார்கள்.

கலவைமேசை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. கோப்பைத் திறந்து பார்த்தேன். நேரொலி அதற்குள் இருக்கத்தான் செய்கிறது. அதை வெட்டியதும் குழாய்த்தன்மை கணிசமாகக் குறைந்துவிட்டது. ஆனால் இப்போது அந்த ரிவெர்ப் இருப்பதே தெரியவில்லை என்பதால், அலைநீளம் சொன்ன கஞ்சத்தனத்தைக் காதாலேயே அறிந்துகொண்டேன். சுதியளவு குறிப்பிட்ட பக்கவாட்டு முன்னெதிரொலிப்புகளை நானே அமைத்துக்கொள்ள வேண்டுமானால் எந்த அளவில் தொடங்கலாம்? டால்பி அட்மாஸ் (ஒலியைக் கேட்பவரைச் சுற்றிலும் மேலேயும் வைக்கும் முறை) வடிவத்திலும் ஒரு பாடலை வெளியிடும் எண்ணம் இருக்கிறது. அதற்கும் சேர்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.

அலைநீளம் மறுமொழி:

ஸ்டீரியோவுக்கு முதலில் சொல்கிறேன். கல்லடுக்கு சொன்ன 14 மீட்டர் அகலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பாடுபவரும் கேட்பவரும் நடுக்கோட்டில் 10 மீட்டர் இடைவெளியில் இருந்தால், பக்கச்சுவரில் பட்டு வரும் ஒலி 17.2 மீட்டர் கடக்க வேண்டும், நேரொலியைவிட 7.2 மீட்டர் கூடுதல், அதாவது 21 மில்லிவினாடி தாமதம். இடப்புறம் 19, வலப்புறம் 23 என்று சற்று விலக்கி இரண்டு டிலேக்களை (தாமதப்படுத்திய ஒலிநகல்களை) வையுங்கள். இரண்டும் சமமாக இருந்தால் விரிவு குறையும். குரலைவிட 15 டெசிபெல் தாழ்த்தித் தொடங்கி, ரிவெர்ப் இருப்பது தனியாகத் தெரியாத, ஆனால் நிறுத்தினால் குரல் சுருங்கிவிட்டதாகத் தெரியும் அளவுக்குக் கொண்டுவாருங்கள். 300 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை வெட்டும் ஹை-பாஸ் வடிப்பானை டிலேக்களின்மீது மட்டும் போட வேண்டும், குரலின்மீது போடக் கூடாது. பின்வரிசை விவரித்த கல்வரிசை வடிப்பான் பேச்சுக்குச் செய்ததை இது எதிரொலிப்புக்கு மட்டும் செய்கிறது: குரலின் உடலுக்கு இழப்பில்லை, கலவையும் சேறாகாது. மேலே 6,000 ஹெர்ட்ஸுக்குப் பிறகு மெதுவாக இறங்கும்படியும் செய்யுங்கள். மரமும் துணியும் மனிதர்களும் உள்ள எந்த அரங்கிலும் அந்த மேல்பகுதி முதலில் தேயும். இவற்றோடு ஒன்றேகால் வினாடிக்கு மிகாத மெல்லிய வால் ஒன்று போதும்.

அட்மாஸில் குரலை எவ்வித ரிவெர்பும் இல்லாமல் நடுவில் வைத்துவிட்டு, எதிரொலிப்புகளைப் பக்கச் சேனல்களுக்கும் வாலைப் பின் சேனல்களுக்கும் அனுப்புங்கள். ஹெட்ஃபோனில் கேட்பவருக்கு இறுதிக் கலவையை அவருடைய கருவிதான் செய்கிறது. இடவுணர்வை ஏற்கெனவே குரலோடு பிசைந்து கொடுத்துவிட்டால், கருவி அந்தப் பிசைந்த உருண்டையை மொத்தமாக ஒரு திசையில் வைத்துவிடும். உயரச் சேனல்களில் இந்தப் பாடலுக்கு எதையும் வைக்காமல் விடலாம். திறந்த அரங்கின் இயல்பில் உங்களுக்கு உண்மையிலேயே பொருந்துவது அது ஒன்றுதான்.

பின்வரிசை மறுமொழி:

இந்த அமைப்பில் பாடலை வெளியிடும்போது விவரக்குறிப்பில் எபிடாரஸின் பெயரைப் போட்டுவிடாதீர்கள். மேலே சொன்ன எண்களில் எதுவும் அங்கிருந்து வந்தது அல்ல.

சுதியளவு மறுமொழி:

வெளியிடுவதற்கு முன் கோப்பை 96 கிலோபிட்டுக்குச் சுருக்கி, மீண்டும் விரித்து, மூலத்திலிருந்து அதைக் கழித்துக் கேளுங்கள். கழித்தபின் எஞ்சும் ஒலியில் சலசலப்பு மட்டும் இருந்தால் நல்லது. அதில் குரலின் எழுத்துகளே அடையாளம் தெரியும்படி கேட்டால் டிலேக்களின் அளவை 2 டெசிபெல் குறைத்து மறுபடி பாருங்கள். இடத்தையும் வலத்தையும் ஒன்றாக்கி ஒருமுறை கேட்பதையும் விட்டுவிட வேண்டாம். 19, 23 மில்லிவினாடி என்ற இடைவெளியில் பள்ளங்கள் மிக நெருக்கமாகவும், அளவு தாழ்வாக இருப்பதால் ஆழமற்றும் விழும் என்பதால் கைபேசியில் இந்த முறை குரல் நிற்க வேண்டும்.